குழாயடியிலிருந்து நாற்பத்தைந்து

சனிக்கிழமை காலை ஒன்பதே கால். பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டின் சமையலறையில் பவுலின் தோசையைத் திருப்பப் போன நேரத்தில் ஃபோன் அடித்தது.

லவினா.

முந்தின நாள் மத்தியானம்தான் சிநேகிதி லவினாவின் அம்மா ரோஸி, மர்பி டவுன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் முழுக்கப் பவுலின் அங்கேதான் இருந்தாள். ஐஸ் பெட்டி வந்தது, ஜெபமாலை சொன்னார்கள், மஸ்கட்டிலிருந்து போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்த லவினா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டாள். அடக்கம் இன்றைக்கு நாலு மணிக்கு. ரோஸி ஆன்ட்டி ஆசைப்பட்டபடி, கணவர் கிளிஃபர்ட்டின் குழியைத் திறந்து அதே குழியில்.

"பவுலின், அப்பா குழி கிடைக்கலையாம்."

"என்னது?"

"நோயல் விடிகாலையில இருந்து தேடறான். நாவல் மரத்துப் பக்கம் பூரா இடுப்பளவு புல்லு. மரச் சிலுவையைக் கரையான் தின்னுட்டுப் போயிருக்கு. எதுன்னு நிச்சயமாத் தெரியாம கடப்பாரை வைக்க மாட்டேன்னு நிக்கறான். கீழ வேற யாராவது இருந்துட்டா?"

நோயல் சொல்வது நியாயம்தான். கல்லறைத் தோட்டத்துக் காவலாளி அவன். ஒரு வீட்டுக் குழியை இன்னொரு வீட்டுக்குத் திறந்து கொடுத்தால் அப்புறம் அந்தத் தெருவில் அவன் தலைகாட்ட முடியாது.

கிளிஃபர்ட் அங்கிள் போய் ஒன்பது வருஷம். கல் வைக்க வேண்டாம் என்று சொன்னதே ரோஸி ஆன்ட்டிதான். 'நானும் வந்து சேந்துடறேன், அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே கல்லா வை. தனித்தனியா வைக்க நாங்க என்ன சண்டை போட்டுக்கிட்டா போறோம்?' என்பார். நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனவரும் அவர் மட்டும்தான். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு நாலு வருஷமாக அதுவும் நின்றுபோனது. இடம் தெரிந்த ஒரே ஆள் இப்போது ஐஸ் பெட்டிக்குள்.

"பாதர்கிட்ட இருக்கற புஸ்தகத்துல?"

"தேதி இருக்கு, பேர் இருக்கு. எடம் இல்ல. கிடைக்கலன்னா ஊருக்கு வெளிய புதுசாத் திறந்திருக்காங்களே, அந்தக் கல்லறைக்குத்தான் கொண்டு போகணுமாம். அப்பா இங்க, அம்மா அங்க." பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "ஆம்ப்ரோஸ் அங்கிளுக்கு நீதானே ஏதோ ஃபோன்ல போட்டுக் குடுத்தே?"

பவுலின் அடுப்பை அணைத்தாள். தோசை ஏற்கனவே கருகியிருந்தது.

"வர்றேன்னு நோயல்கிட்ட சொல்லு."

ஆமாம், அவளேதான்.

நோயலின் அப்பா ஆம்ப்ரோஸ், கோலார் தங்கவயலில் இருபத்திரண்டு வருஷம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் வந்து இந்தக் கல்லறைத் தோட்டத்துக்குக் காவலாளி ஆனார். 'அங்க கீழ போய் மேல வந்தேன். இங்க மேலயே நின்னுக்கிட்டு மத்தவங்களைக் கீழ அனுப்பறேன்' என்று சிரிப்பார். பவுலினும் தங்கவயல்காரிதான், அதே சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள். மாமா என்றுதான் கூப்பிடுவாள். எந்தக் குழியில் யார் என்பதை அவர் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்.

பத்து வருஷம் முன்னால் பவுலினுக்கு மொபைல் ஆப்களைச் சோதிக்கிற வேலை கிடைத்தது. புது வேலை, புது வேகம். பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு ஆப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நோட்டை மழை தின்னும், எலி தின்னும். ஃபோனை எதுவும் தின்னாது. குழி மூடினதும் நிக்கற எடத்துல நின்னு இந்தப் பட்டனை அமுக்குங்க. எடத்தை அதுவே ஞாபகம் வச்சுக்கும். பேரைப் போடுங்க. அவ்வளவுதான்."

ஆம்ப்ரோஸ் சொன்னபடி செய்தார். நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டதாகப் பெருமையாக வேறு சொன்னார். அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கிளிஃபர்ட் அங்கிள் நோட்டுக் காலத்து ஆள் இல்லை. பட்டன் காலத்து ஆள்.

*

லேப்டாப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி பத்து. வாசலை ஒட்டிய சின்ன அறையில் நோயலும், குழி தோண்டும் மதியழகனும் உட்கார்ந்திருந்தார்கள். கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது.

"வாக்கா," என்றான் நோயல். முழங்கால் வரைக்கும் புல் விதை ஒட்டியிருந்தது. "ஒன்றரைக்குள்ள எடம் தெரிஞ்சாகணும். பழைய குழியை ஜல்தி ஜல்தின்னு தோண்ட முடியாது. பாத்து எடுக்கணும்."

"மாமா ஃபோன் எங்க?"

இரும்பு பீரோவிலிருந்து, ரப்பர் பேண்டு போட்ட ஃபோனைக் கொடுத்தான். பேட்டரி உப்பி, முதுகு பிளந்து, கொழுக்கட்டை மாதிரி இருந்தது. இனி எந்தக் கடைக்காரனும் அதை எழுப்ப முடியாது. பவுலின் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெமரி கார்டை மட்டும் உருவினாள்.

லேப்டாப்பில் கார்டு திறந்தது. அவள் அன்றைக்குத் தன் கையால் காப்பி பண்ணிய ஆப் ஃபைல் அப்படியே இருந்தது. அதன் கீழே, ஆப் தானாக எடுத்து வைத்திருந்த பேக்கப். கடைசித் தேதி, ஆம்ப்ரோஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு முந்தின நாள்.

"இருக்கு," என்றாள் பவுலின்.

நோயல் தன் ஃபோனை நீட்டினான். "அப்போ இதுல போடுக்கா."

போட்டாள். ஃபோன் ஒரே வரியில் கையை விரித்தது: இந்த ஆப் பழைய ஆண்ட்ராய்டுக்கானது, இந்த ஃபோனில் ஓடாது. புது வெர்ஷன் இருக்கிறதா என்று ஸ்டோரில் தேடினாள். அந்த ஆப்பே இல்லை. செய்த கம்பெனியும் இல்லை. வலைத்தளம் இருந்த இடத்தில் யாரோ செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"பேஜார்," என்றான் நோயல்.

"இரு. பழைய ஃபோன் ஒண்ணு என்கிட்ட இருக்கு."

"எங்க?"

"இதுக்குள்ள." லேப்டாப்பைத் தட்டினாள்.

அவள் பிழைப்பே அதுதான். ஊரில் எல்லாரும் புது ஃபோன் வாங்கிவிடுவதில்லை. நூற்றுக்கு நாலு பேர் பழைய ஆண்ட்ராய்டிலேயே காலம் தள்ளுகிறார்கள். அந்த நாலு பேர் கையிலும் தங்கள் ஆப் ஓடுகிறதா என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஃபோனையும் தேடி வாங்கிக்கொண்டிருக்க முடியுமா? கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு மெஷினை உண்டாக்கி, அதில் நிஜ ஆண்ட்ராய்டை ஏற்றிவிடுவார்கள். விர்ச்சுவல் மெஷின். அந்த ஆண்ட்ராய்டுக்குத் தான் இருப்பது ஃபோனில் இல்லை என்றே தெரியாது. பாவம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. எழுத்துகள் ஓடின. பத்து வருஷத்துக்கு முந்தைய முகப்பு, அந்தக் காலத்துக் குண்டு ஐகான்களோடு எழுந்து உட்கார்ந்தது.

"அப்பா ஃபோன் மாதிரியே இருக்கு," நோயல் திரையைத் தொடப் போனான்.

"தொட்டா ஒண்ணும் ஆகாது. மௌஸ்தான்."

மதியழகன் எட்டிப் பார்த்தான். "ஒடம்பு இல்லாத ஃபோனா? ஏன்க்கா, இந்த எடத்துல உக்காந்துக்கிட்டா இதையெல்லாம் எழுப்புவாங்க?"

பவுலின் சிரித்துவிட்டாள். ஆப்பை உள்ளே ஏற்றினாள். பேக்கப்பைக் கொடுத்தாள். விழுங்கிக்கொண்டது. அப்புறம் நாலு கட்டம் காட்டியது.

நாலு எண் ரகசிய நம்பர். கீழே சின்ன எழுத்தில்: ஐந்து முறை தவறினால் எல்லாப் பதிவும் அழிக்கப்படும்.

"மாமா பூட்டு போட்டிருக்காரா? நான் சொல்லிக் குடுக்கலையே."

"செத்தவங்க பேரெல்லாம் இருக்குன்னு போட்டிருப்பாரு," என்றான் நோயல். "கண்டவனும் பாக்கக் கூடாதுன்னு."

"நம்பர் தெரியுமா?"

"என் பொறந்த வருஷமா இருக்கும்."

இல்லை. தங்கச்சி பிறந்த வருஷம். இல்லை. கல்யாண வருஷமும் இல்லை. நாலாவதாக, சுரங்கத்தில் கழுத்தில் மாட்டியிருந்த டோக்கன் நம்பர். நோயலுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அதுவும் இல்லை. ஐந்தாவது நம்பரை அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். பவுலின் அலட்டிக்கொள்ளாமல் தட்டினாள்.

திரை வெள்ளையானது. 'எல்லாப் பதிவுகளும் அழிக்கப்பட்டன.'

"அக்கா!" நோயல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"உக்காரு." பவுலின் மதியழகன் வாங்கி வந்திருந்த டீயை ஒரு வாய் குடித்தாள். "நம்பர் போடறதுக்கு முன்னாடியே இந்த மெஷினை அப்படியே ஒரு படம் பிடிச்சு வச்சுக்கிட்டேன். ஸ்னாப்ஷாட்டுன்னு சொல்லுவோம். அழிஞ்சது அதுக்கப்புறம். நான் அதுக்கு முந்தின நிமிஷத்துக்குப் போறேன், பாரு."

ஒரு கிளிக். ஜன்னல் கறுத்து, வெளுத்து, மறுபடி அதே நாலு கட்டம். ஐந்து வாய்ப்பும் பத்திரமாக.

மதியழகன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அப்புறம், "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கா. என் கல்யாணத்துக்கு முந்தின நிமிஷத்துக்கு," என்றான்.

ஐந்து ஐந்தாக முயன்றார்கள். சைக்கிள் பூட்டு நம்பர், வீட்டு நம்பர், ஃபோன் நம்பரின் கடைசி நாலு. ஏழு தடவை எல்லாம் அழிந்தது. ஏழு தடவையும் அவள் திரும்பிப் போனாள். ஆனால் சுவர்க் கடிகாரம் திரும்பிப் போகவில்லை. பதினொன்றரை. லவினா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். இரண்டு தடவையும் பவுலின் 'பாத்துக்கிட்டிருக்கேன்' என்று மட்டும் சொன்னாள்.

"நோயல், வருஷத்தையெல்லாம் விடு. மாமாவுக்கு எந்த நம்பர் வாயில வரும்?"

"எங்கப்பாவுக்கு எந்த வருஷமும் ஞாபகம் இருக்காதுக்கா. என் பொறந்த நாளே அம்மா சொல்லித்தான் தெரியும். அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் நாலு மணி. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாக்கூட 'நாலு மணிக்கு வேலை இருக்கு'ம்பாரு."

இந்தத் தோட்டத்தில் அடக்கம் எல்லாமே நாலு மணிக்குத்தான். என்றைக்கும் அப்படித்தான்.

பவுலின் தட்டினாள். பூஜ்யம், நாலு, பூஜ்யம், பூஜ்யம்.

திறந்தது.

*

இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒற்றை விரலால் தட்டிய பெயர்கள். பாதிக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது, சிலது வெறும் 'கேரல் டீச்சர்', 'ஓஸ்வால்டு பேண்டு மாஸ்டர்'. நடுவில் இருந்தது: கிளிபர்ட். 2016.

"கிடைச்சிருச்சு," என்றான் நோயல். மதியழகன் கடப்பாரையைக் கையில் எடுத்தேவிட்டான்.

லேப்டாப்புக்குள் இருக்கும் ஃபோனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. நாம் சொல்கிற இடம்தான் அதற்கு இடம். பவுலின் வரைபடத்தில் தோட்டத்து வாசலைக் காட்டி, 'நீ இங்கே நிற்கிறாய்' என்றாள். பொய்ஃபோன் நம்பியது. இங்கிருந்து கிளிஃபர்ட் குழிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

ஒன்பது மீட்டர். வடகிழக்கு.

அவள் நெற்றி சுருங்கியது. நாவல் மரம் தோட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. ஒன்பது மீட்டரில் என்ன இருக்கிறது? ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

தண்ணீர்க் குழாய்.

வேறு பெயரைத் தட்டினாள். கேரல் டீச்சர்: ஒன்பது மீட்டர், வடகிழக்கு. ஓஸ்வால்டு பேண்டு மாஸ்டர்: பத்து மீட்டர். அடுத்தது ஒன்பது. அதற்கடுத்ததும் ஒன்பது. வரைபடத்தில் எல்லாப் பெயரையும் ஒன்றாகக் காட்டச் சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகளும் குழாயடியில் ஒன்றன்மேல் ஒன்றாக, மாதுளம்பழத்தை உடைத்த மாதிரி குவிந்து கிடந்தன.

நோயல் திரையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா கை கழுவாம ஃபோனைத் தொட மாட்டாருக்கா," என்றான் நோயல் மெல்ல. "குழி மூடினதும் எல்லாரும் குழாய்க்கு வந்து கைகால் கழுவிட்டுத்தானே கிளம்புவாங்க. அப்பாவும் அங்கதான் வந்து கழுவுவாரு. துண்டுல துடைச்சுட்டு, அப்புறம்தான் ஃபோனைப் பையில இருந்து எடுப்பாரு. குழி மண்ணு கையில இருக்கறப்போ எடுத்ததே இல்ல."

நிற்கிற இடத்தில் நின்று பட்டனை அமுக்குங்கள் என்றாள் அவள். அவர் நின்ற இடத்தில் நின்றுதான் அமுக்கியிருக்கிறார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

பவுலின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வருஷக்கணக்காகப் பிறர் எழுதிய ஆப்களில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறாள். ஒரு மனுஷன் எப்போது கை கழுவுவார் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல நோட்டு ஒன்றைப் பழைய பேப்பருக்குப் போட வைத்ததுதான் மிச்சம்.

மணி பன்னிரண்டே கால். ஃபோன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. லவினாவிடம் என்ன சொல்வது? உங்கப்பா குழாயடியில் இருக்கிறார் என்றா?

"அக்கா, அது என்ன?" மதியழகன் திரையில் விரலை வைத்தான். கிளிபர்ட் என்ற பெயருக்குப் பக்கத்தில், கடுகளவு, ஒரு மைக் படம்.

பவுலின் அதை மறந்தே போயிருந்தாள். பெயரோடு குரலையும் பதிந்து வைக்கலாம் என்று அந்த ஆப்பில் ஒரு வசதி உண்டு. அதை அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே கண்டுபிடித்திருக்கிறார்.

அமுக்கினாள். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினாள். ம்ஹும்.

மண்டையில் தட்டிக்கொண்டாள். ஆபீஸில் நாள் முழுக்க டிங் டிங் என்கிறது என்று அந்தப் பொய் மெஷினுக்கு ஸ்பீக்கரே கொடுக்காமல் வைத்திருந்தாள். மெஷினை நிறுத்தினாள், ஒலியைச் சேர்த்தாள், கிளப்பினாள், பூஜ்யம் நாலு பூஜ்யம் பூஜ்யம். பட்டியலின் முதல் பெயரிலிருந்தே ஆரம்பித்தாள்.

முதலில் தண்ணீர் விழுகிற சத்தம். அப்புறம் ஒரு இருமல். அப்புறம் ஆம்ப்ரோஸ்.

"பவுலின் பாப்பா குடுத்த பட்டனை அமுக்கிட்டேன். அது எங்க வச்சுக்குமோ, எப்படி வச்சுக்குமோ, எனக்குத் தெரியாது. எதுக்கும் நான் வாயால சொல்லிடறேன். குழாயில இருந்து, சுவத்தை ஒட்டி, நேரா இருபது..."

நோயல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அப்பா குரலைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

பவுலின் கிளிஃபர்ட்டைத் திறந்தாள்.

"கிளிஃபர்ட்டு. ரோஸியம்மா வீட்டுக்காரரு. குழாயில இருந்து சுவத்தை ஒட்டி நேரா நாப்பத்தஞ்சு. அங்க நின்னு நாவல் மரத்தைப் பாத்து இருபது. தலை மரத்துப் பக்கம்." பின்னால் பேச்சுக்குரல்கள், செம்பு கீழே வைக்கிற சத்தம். அப்புறம் சற்றுத் தள்ளி ஒரு பெண் குரல் யாரையோ அதட்டியது. பவுலினுக்கு அந்தக் குரலைத் தெரிந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நிறுத்தினாள்.

"நட," என்றாள் நோயலிடம்.

*

குழாயடியிலிருந்து சுவரை ஒட்டி நோயல் எண்ணிக்கொண்டே நடந்தான். நாற்பத்தைந்து. திரும்பி மரத்தைப் பார்த்து இருபது. இருபதாவது எட்டில் அவன் கால், டைல்ஸ் பதித்த பெரிய கல்லறையின் மேல் இருந்தது.

"இது டிசில்வா குடும்பம்," என்றான். "இதுல கிளிஃபர்ட் அங்கிள் எப்படி வருவாரு?"

"எட்டு போடறது சரியா?"

"சரியாத்தான் எண்ணினேன்."

"எண்ணினது சரி. எட்டு யாரோடது?"

நோயல் தன் காலைப் பார்த்தான். நெடுநெடுவென்று ஆறடி. "அப்பா குள்ளம். அது மட்டுமில்லக்கா, கீழ வேலை செய்யறப்போ தள்ளுவண்டி ஏறி வலது கால்ல ரெண்டு விரல் போச்சு. சாய்ச்சுச் சாய்ச்சுத்தான் நடப்பாரு."

"எவ்வளவு சின்ன எட்டு?"

"அதெப்படிச் சொல்றது? கூட நடந்தா பின்னாடி விட்டுட்டுப் போயிடுவேன். திட்டுவாரு."

பவுலின் குழாய்த் திண்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை. தெரியாத ஒன்றை அளக்க வேண்டுமென்றால், தெரிந்த ஒன்றை முதலில் அளந்து பார்ப்பது.

"கேரல் டீச்சருக்குக் கல் இருக்கா?"

"சலவைக்கல்லு. எழுத்துகூட அழியல."

கேரல் டீச்சரைத் திறந்தாள். 'சுவத்தை ஒட்டி நேரா முப்பது. திரும்பிப் பத்து.' நோயல் குழாயிலிருந்து டீச்சர் வரைக்கும் நடந்தான். அவன் எட்டில் நேரே இருபத்து நாலு, திரும்பி எட்டு.

"இன்னொண்ணு. ஓஸ்வால்டு பேண்டு மாஸ்டர்."

'நேரா அறுபது. திரும்பி அஞ்சு.' நோயல் நடந்தான். நாற்பத்தெட்டு. நாலு.

"மாமா பத்து வச்சா நீ எட்டு வைக்கிறே," என்றாள் பவுலின். "நாப்பத்தஞ்சுக்கு முப்பத்தாறு. இருபதுக்குப் பதினாறு. போ."

மூன்றாம் தடவை நோயல் குழாயில் குதிகாலை ஒட்டி வைத்துக் கிளம்பினான். பவுலின் வாய்விட்டு எண்ணினாள், மதியழகன் கடப்பாரையோடு பின்னால் போனான். முப்பத்தாறு. திரும்பினான். புல்லுக்குள் இறங்கினான். பதினாலு, பதினைந்து, பதினாறு.

புல். வெறும் புல். இடதும் வலதும் எல்லாம் அதே புல்.

"மதி, வெட்டாதே. கையால தடவு," என்றான் நோயல்.

இரண்டு பேரும் மண்டியிட்டார்கள். பவுலினும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். வேர், கல், பிளாஸ்டிக் பூ, யாரோ வைத்த கண்ணாடி டம்ளரின் பாதி. மணி ஒன்று ஐந்து. வெயில் முதுகில் ஏறியிருந்தது.

"ஏய், நில்லு, நில்லு," என்றான் மதியழகன்.

நோயலின் கடைசி எட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, மண்ணுக்குள் ஒரு மரத்துண்டு. தொட்டதும் தூளாக உதிர்ந்தது. கரையான் மிச்சம் வைத்த சிலுவையின் அடிக்கட்டை. அதன் கீழே தகரம் ஒன்று துருப்பிடித்து மடங்கிக் கிடந்தது. நோயல் அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வெயிலில் பிடித்தான். வெள்ளைப் பெயின்ட்டில் பாதிப் பெயர்.

'...ஃபர்ட்'.

நோயல் சிலுவை போட்டுக்கொண்டான். மதியழகன் கடப்பாரையைக் கீழே வைத்தான். முண்டாசைக் கட்டினான், உள்ளங்கையில் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டான்.

பவுலின் ஃபோனை எடுத்தாள். "லவினா. அம்மாவைக் கூட்டிக்கிட்டு நாலு மணிக்கு இங்கயே வா."

நேற்றிலிருந்து நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், இப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

*

நாலு மணிக்குப் பெட்டி வந்தது. பாதர் ஜெபித்தார். கிளிஃபர்ட்டுக்கு மேலே ரோஸி இறங்கினார். கிளிஃபர்ட்டுக்கு மேலே ரோஸி இறங்கினார். பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டுச் சனம் வழக்கம்போலக் குழாயடிக்கு வந்தது. கைகால் கழுவி, ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பியது.

கடைசியாக லவினா வந்தாள். வெறுங்கால். வண்டியிலேயே செருப்பை விட்டுவிட்டு இறங்கியிருந்தாள். பாதமெல்லாம் செம்மண்.

"தேங்க்ஸ்னு சொன்னா அடிப்பே," என்றாள்.

"அடிப்பேன். இங்க வா. ஒண்ணு கேக்கணும் நீ. இப்போ வேண்டாம்னா இன்னொரு நாள்."

"என்ன?"

"2016. அங்கிளோட அடக்கம் அன்னிக்கு. இதே குழாயடி."

லவினா உட்கார்ந்தாள். பவுலின் லேப்டாப்பை அவள் காதருகே நகர்த்தி அமுக்கினாள். தண்ணீர்ச் சத்தம். ஆம்ப்ரோஸ் நாற்பத்தைந்தும் இருபதும் சொன்னார். செம்பு கீழே வைக்கிற சத்தம். அப்புறம், சற்றுத் தள்ளி, எரிச்சலாக, உயிரோடு:

"லவினா! செருப்பைப் போடுடீ. முள்ளு கிடக்குது. சொன்னா கேக்க மாட்டே."

அவ்வளவுதான். பதிவு முடிந்தது.

லவினா தன் காலைப் பார்த்தாள். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே மற்றதும் வந்தது. பவுலின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து லவினா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறே?"

"செருப்பு எடுக்க."

நோயல் குழி மேட்டைத் தட்டிச் சமன்செய்துவிட்டு வந்தான். குழாயைத் திறந்தான். முழங்கை வரைக்கும் கழுவினான், துண்டில் துடைத்தான், அப்புறம்தான் சட்டைப் பையில் கைவிட்டு ஃபோனை எடுத்தான்.

"அக்கா, இதுல குரல் எப்படிப் பதியறது?"

பவுலின் காட்டிக் கொடுத்தாள். "நாளைக்கு ஒரு நோட்டும் வாங்கிட்டு வர்றேன்," என்றாள். "மாமா சொன்னது அத்தனையும் கேட்டு, உக்காந்து எழுதிடலாம். இருநூத்துப் பன்னிரண்டும்."

"ஃபோனை எதுவும் தின்னாதுன்னு சொன்னியாமே நீ. அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

"வாயை மூடிட்டுப் பதிவு பண்ணு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிப் பதிவு பண்றது?" என்றான் நோயல். தொண்டையைச் செருமிக்கொண்டான். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரோஸியம்மா. கிளிஃபர்ட் அங்கிள் மேல. குழாயில இருந்து சுவத்தை ஒட்டி நேரா, என் எட்டுல முப்பத்தாறு. மரத்தைப் பாத்துப் பதினாறு." சுவர்ப் பக்கம் பார்த்தான். "அப்பா எட்டுல நாப்பத்தஞ்சு. இருபது."